வணிக வலைத்தளமும் எழுத்துடன்பாடும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதிவைத்தலையும் அதற்குச் சாட்சி அமைத்தலையும் விரித்துரைப்பது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்பதும் அதன்கண் அடங்கும். இக்கருத்தை முன்னிறுத்தி, வணிகர் ஒருவர் தம் நிறுவனத்திற்கு வலைத்தளம் அமைக்கத் தொழில்முறை வல்லுநரை நாடுங்கால் கருதவேண்டுவன சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வையவிரிவலை, 1993 ஏப்ரலில் எவரும் கட்டணமின்றிக் கையாளுமாறு திறந்துவிடப்பட்டது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்படலாயிற்று. வரலாறு இவ்வளவு போதும்.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் வணிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வல்லுநர் நிரல் எழுதத் தெரிந்தவர்; தோலைப் பற்றி அறியாதவர். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, மரப்பட்டையாற் பதனிட்டதா குரோமியத்தாற் பதனிட்டதா, தடிமன் எத்தனை மில்லிமீட்டர், குறைந்த அளவு கொள்முதல் யாது என்பனவே அயல்நாட்டார் முதலில் வினவுவன. இவற்றை வணிகரே எழுதித் தருதல் வேண்டும். "அழகாகச் செய்து தாருங்கள்" என்று மட்டும் கூறிவிட்டு, பின்னர்க் குறைகூறுவோர் பலர். வீட்டின் திட்டப்படமின்றிக் கொத்தனாரை அழைப்பார் உண்டோ?

அடுத்தது உரிமை. தளத்தின் முகவரியாகிய டொமைன் பெயர் எவர் பெயரில் பதிவாகின்றதோ, அவர் வசமே அது நிற்கும். வேலை எளிதாகும் என்று வல்லுநர் தம் பெயரிலேயே பதிவு செய்துவிடுவதுண்டு. கட்டியவர் கொத்தனார் என்பதற்காகப் பட்டாவை அவர் பெயருக்கு எழுதுவோமா? பதிவு வணிகர் பெயரிலும், புதுப்பித்தல் அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்கே வருமாறும் அமைதல் இன்றியமையாதது.

நிரலின் நிலை இதனினும் நுட்பமானது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணிப்பொறி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பே. தமிழ்த்துறையினர்க்கு இது வியப்பளிக்கலாம்! ஊழியராக அல்லாது தனித்து ஒப்பந்தத்தில் பணிபுரிபவர் எழுதிய நிரலுக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். பணம் கொடுத்தமையால் மட்டும் உரிமை மாறிவிடாது. அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அவ்வெழுத்திலும் காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கின்றது. ஏற்றுமதியாளர்க்கு இவ்விரு சொற்கள் விடுபடுவது எத்துணை இடர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

கட்டணத்தை முன்பணம், மாதிரி வடிவம் ஏற்கப்பட்டபின் ஒரு பகுதி, கடவுச்சொற்களும் நிரலின் படியும் கைக்கு வந்தபின் எஞ்சிய பகுதி எனப் பிரித்தல் இருவர்க்கும் நலம். இருவர்க்கும் என்பதை அழுத்திச் சொல்கின்றோம். படங்களையும் விலைப்பட்டியலையும் மாதக்கணக்கில் தராது இழுத்தடித்துவிட்டு, தாமதத்தை வல்லுநர்மேல் சுமத்தும் வணிகரும் உளர். முடிந்த வேலைக்குரிய கூலியை நிறுத்திவைப்பது நம் மார்க்கம் ஒப்பாதது.

தளத்தில் தமிழ்ப் பக்கமும் வேண்டுமெனின், எழுத்து யூனிகோடில் அமைதல் வேண்டும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது; தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. எனினும் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பத்திகளைப் படமாக்கி ஒட்டிவிடுவார் இன்றும் உளர். பார்வைக்குக் குறையில்லை; ஆனால் தேடுவார்க்கு அது எளிதில் அகப்படாது. இதனைச் சோதிக்க வல்லுநர் துணையும் வேண்டா. மாதிரிப் பக்கத்தில் 'கொள்முதல்' என்ற சொல்லைத் தெரிவு செய்து, வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்த்தல் போதும். கொம்பும் காலும் இடம் பெயராமல் வந்தால் பக்கத்தை ஏற்கலாம்; வாராவிடின் அன்றே திருப்பி அனுப்பலாம்.