அடைக்கோழியிடம் கற்றது

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கொல்லைப்புறம் வாய்த்த வீடொன்றுக்குக் குடிபோன வருஷத்திலேதான், உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்தனுப்பிய செந்நிறப் பெட்டைக்கோழி ஒன்று எங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்தது. நாள் தவறாமல் முட்டையிட்டு வந்த அந்தக் கோழி, தை மாதத்து முதல் வாரத்தில் திடீரென்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, வெறும் வைக்கோலின்மேல் சிறகுகளைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, அருகில் எவர் சென்றாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துத் தாழ்ந்த குரலில் உறுமத் தொடங்கியபோது, அதற்கு வியாதி கண்டுவிட்டதென்றே நான் நிச்சயித்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து ஒருமுறை பார்த்தார்.

"நோவு ஒண்ணும் இல்ல தம்பி, அடைக்குக் கிடக்கு. நல்ல முட்டையாப் பாத்து வச்சு விடு" என்றார்.

நல்ல முட்டை என்பதற்கு அர்த்தம் என்ன என்பதிலேயே என் பாடம் ஆரம்பமாயிற்று. சேவலோடு சேராத கோழியின் முட்டையில் கரு இராது. ஆதலால் கடையில் வாங்கும் பண்ணை முட்டையை எத்தனை நாள் அடைகாத்தாலும் பிரயோஜனமில்லை. சேவல் திரியும் வீடுகளில் கேட்டு, இட்டு ஏழு நாளுக்கு மேற்படாதவையாக, மிகப் பெரிதும் மிகச் சிறிதும் கோணலும் கீறலும் இல்லாதவையாக 11 முட்டைகளைச் சேர்த்தேன். ஒற்றைப்படையாக வைப்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் கோழியின் உடல் மூடக்கூடிய அளவும் அதுவே. அழுக்குப் படிந்திருந்த இரண்டைக் கழுவப் போன என் கையை ஆச்சி தடுத்துவிட்டார். முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டென்பதையும், அவற்றின்மேல் இயற்கையாகவே படிந்துள்ள மெல்லிய பூச்சு, கிருமிகள் உள்ளே புகாதபடி காக்கிறதென்பதையும், கழுவினால் அந்தக் காவல் போய்விடுமென்பதையும் பின்னர் படித்து அறிந்துகொண்டபோது, ஆச்சியின் தடைக்கு எவ்வளவு ஆழ்ந்த காரணம் இருந்ததென்பது விளங்கிற்று.

அகன்ற ஓலைக்கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோலிட்டு, செள்ளும் பேனும் அண்டாதிருக்க வேப்பிலையும் சாம்பலும் தூவினோம். ஆச்சி தம் பங்குக்கு ஓர் இரும்புத்துண்டும், அடுப்புக்கரியும், இரண்டு மிளகாய் வற்றலும் போட்டார். இடி இடித்தால் கரு கலங்காதிருப்பதற்காம். பெரியவர்களின் நம்பிக்கையை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இருட்டிய பிறகு கோழியைத் தூக்கி முட்டைகளின்மேல் அமர்த்தினோம். எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைப்பதும், ஒவ்வொன்றிலும் கரிக்கோடு இடுவதும் அவசியம்; வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுவிடுமாயின், அடையாளமில்லாத பட்சத்தில் எது பழையது எது புதியது என்று தெரியாமற் போய்விடும்.

அன்று முதல் 21 நாள் அந்தக் கோழி செய்த தவத்தை நான் மறக்க முடியாது. நாளுக்கு ஒருமுறை, கால்மணி நேரம்போல எழுந்து வந்து, வைத்த கம்பையும் தண்ணீரையும் அவசர அவசரமாக உட்கொண்டு, கழித்துவிட்டு, ஓட்டமாக ஓடித் திரும்பிவிடும். மார்பில் இறகு உதிர்ந்து வெறுந்தோலாய் இருந்த இடம் முட்டைகளோடு நேரே படிந்து, ஏறக்குறைய 100 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணத்தை அவற்றுக்கு இடைவிடாது கொடுத்து வந்தது. இரவிலும் பகலிலும் அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டேயிருக்கும். புரட்டாமல் விட்டால் கரு உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு நசித்துப்போகும்.

ஏழாம் நாள் இரவு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி டார்ச் விளக்கின் முகத்தில் பொருத்தி, ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பார்த்தேன். சிலந்தி கால் விரித்ததுபோலச் செந்நரம்புகள் படர்ந்து, நடுவே ஒரு கரும்புள்ளி அசைந்த காட்சி என் நெஞ்சை உருக்கிவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் அடைமுட்டையின் உள்ளே ஆராய்ந்து, ரத்தத்துளிபோல் இதயம் துடிப்பதை எழுதிவைத்தார்; முட்டையை உடைக்காமலே அந்த ஜீவனைக் காணும் பாக்கியம் நமக்கு ஒரு சிறு விளக்கினால் கிட்டுகிறது. இரண்டு முட்டைகள் தெளிவாகவே இருந்தன. மற்றொன்றில் நரம்புகளின்றி ஒரு ரத்தவளையம் மட்டும் கிடந்தது. மூன்றையும் நீக்கினேன். கூழ்முட்டை வெடித்தால் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

18-ஆம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடாதே என்பது ஆச்சியின் கட்டளை. 20-ஆம் நாள் மாலை, கோழியின் அடியிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைத் துளைத்துச் சுவாசிக்கத் தொடங்குகிறது. அப்போது எழும் குரல் அது. மறுநாள் நடுப்பகலுக்குள் ஆறு குஞ்சுகள் வந்துவிட்டன. எஞ்சிய இரண்டு முட்டைகளில் அரிசியளவு துளை மட்டும் விழுந்திருந்தது. அவற்றில் ஒன்று காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. மாலையாகியும் துளை பெரிதாகவில்லை. உள்ளே அது மூச்சுத் திணறிச் சாகிறதோ என்ற பயத்தில், ஆச்சி இல்லாத சமயம் பார்த்து, உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு, நகத்தால் ஓட்டைக் கொஞ்சங் கொஞ்சமாக உரித்தேன். சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. வயிற்றுக்குள் சேர்ந்திருக்க வேண்டிய மஞ்சட்கரு இன்னும் வெளியிலேயே பை போலத் தொங்கிற்று. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்தக் குஞ்சு என் உள்ளங்கையில் இறந்தது.

"எப்ப வரணும்னு அதுக்குத் தெரியும் தம்பி. நீ ஏன் முந்திக் கூப்பிட்ட?" என்று மட்டும் ஆச்சி கேட்டார்.

ஓட்டில் துளையிட்ட பிறகு குஞ்சு பல மணி நேரம், சில வேளை ஒரு முழு நாள்கூட, வெளிக்கு ஒன்றும் செய்யாததுபோல் கிடக்கும். அந்த அவகாசத்திலேதான் சவ்வின் நரம்புகளிலுள்ள ரத்தம் குஞ்சின் உடலுக்குள் வற்றி இறங்குகிறது; மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த வேலை முடிந்தபின், அலகின் நுனியிலுள்ள சிறு கூர்ப்பல்லால் ஓட்டைச் சுற்றி அறுத்துக்கொண்டு, தானே உந்தி வெளிவருகிறது. நான் சோம்பல் என்று நினைத்த அந்த ஓய்வே அதன் கடைசிப் பெரும் பிரயாசை. மற்றொரு முட்டையை நான் தொடவில்லை. இரவெல்லாம் உறக்கம் வராமல் கிடந்தேன். 22-ஆம் நாள் விடியலில் அது தானாகவே ஓட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டது.

வயிற்றுக்குள் போன மஞ்சட்கருவே இரண்டு நாளுக்கு ஆகாரமாதலால், முதல் நாளே தீனி வேண்டும் என்று பதற வேண்டியதில்லை. அதன்பின் நொய்யும், குஞ்சு விழுந்து மூழ்காதபடி கூழாங்கற்கள் இட்ட தட்டில் தண்ணீரும் வைத்தேன். ஈரச்சாணமும் வைக்கோலும் அடைத்த பழம்பானையை இரவில் கவிழ்த்து வைத்து, காலையில் நிமிர்த்தினால் கரையான் மொய்த்திருக்கும். தாய் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குஞ்சுகளுக்கு அதைக் காட்டும் அழகு கண்கொள்ளாதது. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்நோய் புகுந்தால் கொல்லை முழுவதும் காலியாகிவிடும், இதில் அலட்சியம் கூடவே கூடாது. ஒன்பதாம் நாள், பஞ்சாரத்தைக் கவிழ்க்க நான் சற்றுத் தாமதித்த வேளையில், காக்கை ஒரு குஞ்சைத் தூக்கிப் போயிற்று. ஆறு தங்கின.

கடைசியாய் ஓடு திறந்து வந்த குஞ்சு பெட்டையாக வளர்ந்து, ஆவணியில் முதல் முட்டை இட்டது. இந்தத் தையில், தாய் அமர்ந்த அதே ஓலைக்கூடையில் அது 11 முட்டைகளின்மேல் அடை கிடக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள்.