அரிவாளை நம்பிய குருவி

சதுப்பு நிலத்தைக் கண்டால், "எதற்கும் உதவாத இடம்" என்று சொல்லிவிடுகிறோம். மண்போட்டு நிரப்பினால் நல்லது, வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் நல்லது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணம் எத்துணை தவறானது என்பதை ஐரோப்பாவின் சின்னஞ்சிறு குருவி ஒன்று நமக்குக் கற்பிக்கிறது.

ஆங்கிலத்தில் 'அக்குவாட்டிக் வார்ப்ளர்' எனப்படும் இது, கதிர்க்குருவி இனத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 13 சென்ரிமீற்றர். நிறை ஏறக்குறைய 12 கிறாம். காய்ந்த கோரையின் நிறம், முதுகில் கருங்கோடுகள். மாலை மங்கும் வேளையில் ஆண்பறவை பாடும். குஞ்சுகளை வளர்ப்பதோ தாய்ப்பறவை மட்டுமே. குளிர்காலத்தில் இது சகாராவைக் கடந்து மேற்கு ஆபிரிக்காவுக்குப் பறந்து செல்கிறது.

பெலாரஸ், உக்ரேன், போலந்து ஆகிய நாடுகளிலேயே பெரும்பாலான குருவிகள் கூடு கட்டுகின்றன. ஆழமற்ற நீர், அதிகம் உயராத கோரை, நிறையப் பூச்சிகள் ஆகிய மூன்றும் அவற்றுக்கு வேண்டும். விவசாயத்துக்காகச் சதுப்புகளின் நீர் வடிக்கப்பட்டதால், மேற்கு ஐரோப்பாவில் இவை கூடு கட்டுவதே இல்லாமற் போயிற்று.

அப்படியானால் சதுப்பை அதன் போக்கில் விட்டுவிட்டாற் போதுமா? போதாது. போலந்தின் பியெப்ஜா ஆற்றுச் சதுப்பில், உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நீண்ட பிடியுள்ள அரிவாளால் கோரையை வெட்டி மாடுகளுக்குக் கொடுத்து வந்தனர். பாடு அதிகம், பலன் குறைவு. அவர்கள் அத்தொழிலைக் கைவிட்டதும் நாணலும் பற்றைகளும் மண்டின. குருவிக்கு இடமில்லாமற் போயிற்று. பின்னர், பனிச்சறுக்குச் சரிவுகளில் ஓடும் சங்கிலிப்பட்டை வாகனங்களை மாற்றியமைத்து, சேற்றில் புதையாதபடி புல் வெட்டத் தொடங்கினர்.

2018இல் பெலாரசிலிருந்து 50 குஞ்சுகள் லித்துவேனியாவின் ஜுவின்டாஸ் சதுப்புக்குக் கொண்டுவரப்பட்டு வளர்க்கப்பட்டன. ஆபிரிக்கா சென்ற அவற்றுள் 11 பறவைகள் அடுத்த ஆண்டு, தாம் வளர்ந்த அந்த இடத்துக்கே திரும்பி வந்தன!

இங்கே நேர்ந்த தவறுகள் இரண்டு. நிலத்தின் இயல்பையே மாற்றியது ஒன்று. பராமரிக்காமல் கைவிட்டது மற்றொன்று. இவ்விரண்டும் நமக்கும் புதியவையல்ல. நம் நாட்டுக் குளங்களின் சம்பு, நாணல் பற்றைகளிலும் இக்குருவியின் உறவுப்பறவை ஒன்று உரத்த குரலில் பாடி வாழ்கிறது. பெற்றோரே, அடுத்த முறை குளக்கரைக்குப் போகும்போது பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, அக்குரலைக் கேட்கச் செய்யுங்கள். கேட்டுப் பழகியதை அவர்கள் எளிதில் அழியவிடமாட்டார்கள்.