அசோகவனத்தில் சொல்லப்பட்ட கதை

துன்பம் நேர்ந்த காலத்தில் ஸுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்வது வைணவ இல்லங்களில் வழிவழியாக வந்த வழக்கம். துன்பத்தின் எல்லையில் நின்ற ஒருவருக்குக் கதை சொல்லப்பட்ட வரலாறு அக்காண்டத்தினுள்ளேயே இருக்கின்றது. பாராயணம் செய்வோரும் அதனைச் சற்று நின்று நோக்குவது அரிது.

இராவணன் விதித்த கெடுவில் எஞ்சியவை இரண்டே திங்கள். பிராட்டி உயிர் துறக்கத் துணிந்து, தன் கூந்தற் பின்னலையே சுருக்காகக் கொள்ளவும் எண்ணிவிட்டாள். சிம்சுபா மரத்தின் இலைகளுக்கிடையே சிறிய திருவடி மறைந்திருக்கின்றான். எம்பெருமான் தந்த கணையாழி அவனிடம் இருக்கின்றது. உடனே இறங்கி அதனை நீட்டியிருக்கலாம். தேறுதல் மொழிகள் நான்கு கூறியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. எந்த மொழியில் பேசுவது என்பதையே முதலில் ஆராய்கின்றான். கற்றோர் பேசும் ஸம்ஸ்கிருதத்தில் பேசினால், இராவணனே வேற்றுருவில் வந்தான் என்று அவள் அஞ்சக்கூடும். ஆதலால் மானிடர் வழங்கும் பேச்சிலேயே பேசத் துணிந்தான் என்கிறார் வால்மீகி முனிவர். அந்தப் பேச்சு எது என்பது பற்றிக் கருத்துகள் பல உண்டு. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. அஞ்சியிருப்பவளுக்கு அச்சம் தராத பேச்சு எது என்று அவன் எண்ணிப் பார்த்தான் என்பதே போதும்.

பின்பு, கிளையில் இருந்தபடியே, தசரத மன்னனிலிருந்து தொடங்கி இராமபிரானின் சரிதத்தைச் சொல்லுகின்றான். அறிவுரை ஒன்றும் அதில் இல்லை. கேட்டவள் நிமிர்ந்து பார்க்கின்றாள். கனவோ என ஐயுறுகின்றாள். அதன் பின் நிகழ்வதுதான் மிகவும் கவனிக்கத் தக்கது. அனுமன் இறங்கி வந்து, 'தாங்கள் யார்?' என்று வினவ, பிராட்டி தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகின்றாள். புக்ககத்தில் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகள், வனவாசம், இராவணன் வஞ்சித்துக் கவர்ந்தது, எஞ்சிய இரண்டு திங்கள் யாவும் அவள் வாய்மொழியாகவே வருகின்றன. அரக்கியர் நடுவே அவள் கதையைக் கேட்க அதுவரையில் எவரிருந்தார்? கணையாழி வெளிப்படுவது இவற்றிற்கெல்லாம் பின்னரே.

பாரதத்திலும் இதற்கு இணையான இடம் உண்டு. பாசுபதம் பெற அர்ச்சுனன் பிரிந்து சென்ற காலத்தில், 'என்னினும் துயருற்ற அரசன் உளனோ?' என்று காட்டில் வருந்திய தருமபுத்திரனுக்குப் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொன்னார். பின்னொரு முறை அவன் அவ்வாறே வருந்தியபோது, மார்க்கண்டேயர் இராம சரிதத்தையே கூறினார். கதை கேட்டதனால் இழந்த நாடு மீளவில்லை. ஆயினும், 'எனக்கு மட்டும்' என்ற எண்ணம் நீங்கியது.

இலங்கையிலிருந்து துயரோடு வந்த வேறொரு கூட்டத்தாரின் வரலாற்றை நீலகிரி மலை அறியும். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே கண்டிச் சீமைக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று வகுத்தது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்நாடும் சிலருக்கு அந்நாடும் எனப் பிரிவு நேர்ந்தது உண்டு. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கு அவர்களை ஏற்றி வந்த கப்பலின் பெயர் 'இராமானுஜம்'. அவர்களுக்கு வேலை அளிக்க வேண்டி 1968ஆம் ஆண்டு தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976இல் 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. கோத்தகிரி, கொளப்பள்ளி, சேரம்பாடி எனப் பல இடங்களில் அவர்கள் குடியேறினர்.

மூதாதையரின் நாடே ஆயினும், வந்தவர்களுக்கு அது அறியாத ஊர். சுற்றியிருந்தோர் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். கைப்பெட்டியில் கொண்டுவர இயன்றது சிறிது. பெட்டியில் அடங்காதவை கதைகள். மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஆடிவந்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றை நெஞ்சில் சுமந்து வந்தனர். மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்து நீலகிரித் தோட்டக் குடியிருப்புகளிலும் நிகழ்வதுண்டு. போகாதே என்று ரதி தடுக்கின்றாள், தேவர் ஏவலால் மன்மதன் போகின்றான், எரிகின்றான். எரிந்தவனே ருக்மிணிப் பிராட்டியின் திருமகன் பிரத்யும்னனாக அவதரித்தான் என்று ஸ்ரீமத் பாகவதம் கூறும். கூத்தின் உயிர் ரதியின் புலம்பல்தான். கடலுக்கு அப்பால் உடன்பிறந்தாளை விட்டு வந்த ஒருத்தி பகலில் கொழுந்து பறிக்கும்போது அழ இயலாது. இரவில் ரதியின் பொருட்டு அழலாம், எவரும் ஏன் என்று கேளார்.

பொன்னர் சங்கர் கதையின் செய்தி இன்னும் சுவையானது. அது கொங்கு நாட்டுக் கதை. அண்ணன்மார் கதை என்று வழங்குவது. மாயவராகிய திருமால் அவ்வீரர்களுக்குத் துணை நிற்பதாக அங்குப் பாடுவர். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசியில் அவர்களுக்கு விழா எடுப்பர். நீலகிரியின் அடிவாரத்துக் கோவைச் சீமையில் உடுக்கையடித்துப் பாடிய அக்கதை, கூலிகளின் வாயில் கடல் கடந்து, தலைமுறைகள் கழிந்து, மீண்டும் கடல் கடந்து அடிவாரத்தின் தலைமேலேயே வந்து சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்தோ காரமடையிலிருந்தோ மலையேறி வந்த ஒருவர் தோட்டத்துக் கூத்தைக் காண நேரின், 'சிலோன்காரர்' கூத்தில் தம் பாட்டனார் சொன்ன கதையையே காண்பார். மாண்ட அண்ணன்மாரைத் தேடித் தங்கை காட்டில் அலையும் இடம் வந்ததும், மேலே நிகழப்போவது இன்னதென்று அவருக்கும் தெரியும், ஆடுவோருக்கும் தெரியும். எந்த ஊர் என்று அவரைக் கேட்பார்கள். அவரும் கேட்பார்.