குடிநீரில் மக்னீசியம்

சோப்பு எளிதில் நுரைக்காத நீரைக் கடின நீர் என்பது வழக்கம். மழைநீரையும் கிணற்று நீரையும் இரு குடுவைகளில் ஊற்றிச் சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கினால், மாணவர் இவ்வேறுபாட்டை நேரிற் காண்பர். ஆயினும் கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமா, மக்னீசியமா என்பதை நுரை தெரிவிக்காது.

இதனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கையில் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் குறிக்கப்படும். மொத்தத்திலிருந்து கால்சியத்தின் பங்கைக் கழித்து, எஞ்சியதை 4.1 ஆல் வகுத்தால் மக்னீசியத்தின் அளவு கிடைக்கும். மொத்தம் 420, கால்சியத்தின் பங்கு 215 எனில், எஞ்சிய 205 லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் மக்னீசியத்தைக் குறிக்கும். 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 30 மில்லிகிராம். வேறு நீர்நிலை இல்லாவிடத்து 100 வரை அனுமதிக்கப்படும். ஆகவே இக்கிணற்றை உடனே மூடிவிட வேண்டுவதில்லை.

எனினும் சல்பேட்டையும் நோக்குதல் இன்றியமையாதது. மக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்ததே மருந்துக்கடைகளில் விற்கப்படும் பேதியுப்பு. இவ்விரண்டும் மிகுந்த நீர் கைக்கும். புதிதாகப் பருகுவோர்க்கு வயிறு இளகும். பழகியவர்க்குப் பெரும்பாலும் இத்தொல்லை இராது. இதனாலேயே, மக்னீசியம் 30க்கு மேற்படாதபோது மட்டுமே சல்பேட்டு 400 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அத்தரநிர்ணயம் விதிக்கின்றது.

இங்கு ஒரு பெரும் பிழை நேரக்கூடும். அந்நீரையே நெடுநாள் பருகியோர் பலருக்கு ஒருசேர வயிற்றுப்போக்குக் கண்டால், அல்லது காய்ச்சலோ இரத்தமோ காணப்பட்டால், "உப்புத் தண்ணீரின் குணம்" என்று வாளாவிருத்தல் ஆகாது. கழிவுநீர் கலந்துள்ளதா என்று அன்றே ஆராய வேண்டும். கொதிக்கவைத்தல் நோய்க்கிருமிகளை அழிக்கும். ஆனால் பேதியுப்பு அதனால் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவே மிகும்.

மக்னீசியம் நஞ்சன்று. வளர்ந்தவர் உடலில் சுமார் 25 கிராம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பிலுள்ளது. தசை, நரம்பு, இதயம் ஆகியவற்றின் இயக்கத்திற்கு அது தேவை. கேழ்வரகு, பருப்பு, கீரை, நிலக்கடலை ஆகியன அதனைத் தருகின்றன. மேற்கூறிய கிணற்று நீரில் இரண்டு லிட்டர் பருகுவோர் 100 மில்லிகிராம் பெறுவர். இது சிறிய அளவன்று. மக்னீசியம் மிகுந்த நீரைப் பருகும் ஊர்களில் இதயநோய் மரணம் குறைவு எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணத் தொடர்பு இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. சிறுநீரகம் பழுதுற்றோர் மிகுதியான மக்னீசியத்தை வெளியேற்ற இயலாதவராதலின், அவர்கள் மருத்துவரைக் கேட்டே இத்தகைய நீரைப் பருகுதல் வேண்டும்.

எதிர்ச்சவ்வூடுபரவல் கருவிகள் மக்னீசியத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. 50 மில்லிகிராம் உள்ள நீருக்கு, சல்பேட்டும் பிற உப்புக்களும் அளவிற்குட்பட்டிருப்பின், அக்கருவி தேவையன்று.