கட்டிலில் எட்டு மணி, தூக்கம் ஐந்தரை மணி

நம் இயக்கக் கூட்டங்களில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிற கேள்வி இது: "அண்ணா, ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க. மாத்திரை இல்லாம இயற்கையா என்ன சாப்பிடலாம்?" உடனே ஒருவர் ஜாதிக்காய் என்பார், இன்னொருவர் கசகசாப் பால் என்பார், மூன்றாமவர் அமுக்கராங்கிழங்கு என்பார். பயிர் மஞ்சளாகிவிட்டது என்றால் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற நாம், தூக்கம் கெட்டால் மட்டும் நேராக மருந்துக்குப் போகிறோம். தூக்கத்துக்கும் மண் இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்கணும்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் பதிவு செய்யும் வேலை கொடுத்து, அவர்கள் கையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். முடிவு 2021ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வந்தது. அந்த மக்கள் இரவில் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரம் புரண்டதும், விழித்ததும், கொசு அடித்ததும். பிறகு ஒரு பகுதியினருக்கு ஆலோசனையும், கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பான், ஃபேன் போன்ற பொருள்களும் கொடுத்தார்கள். தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் அவர்களின் வேலைத்திறனோ மனநிலையோ சொல்லும்படி மாறவில்லை. அவர்கள் படுக்கையில் இருந்த நேரம் கூடியது. துண்டு துண்டான தூக்கம் பெரும்பாலும் துண்டாகவே இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பகுதியினரை மதியம் அரை மணி நேரம் கண்ணசர விட்டார்கள். அவர்களுக்குக் கவனம், வேலைத்திறன், மனநிலை மூன்றும் மேம்பட்டன. (அந்த அரை மணியையும் வேலையிலேயே கழித்தவர்களோடு ஒப்பிட்டால் மொத்தச் சம்பாத்தியம் கொஞ்சம் குறைந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.) தோட்டத்தில் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் செத்த நேரம் கண்ணசந்த நம் அப்பாக்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நான்கு மணிக்கு எழுந்து ஏற்றம் இறைத்தவர்கள் அவர்கள். பகல் தூக்கம் ஆகாது என்று நம் வைத்திய முறைகள் சொல்வதுண்டு; ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உருள்வது வேறு. இருபது, முப்பது நிமிடம், மூன்று மணிக்கு முன் என்றால் இரவுத் தூக்கத்தை அது திருடாது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்

தூங்குமூஞ்சி மரத்தைச் சாயங்காலம் பார்த்திருப்பீர்கள், இலையை மடித்துக்கொள்ளும். 1729ல் பிரான்சைச் சேர்ந்த தெ மெரான் இதுபோல் இலை மடிக்கும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாவிட்டாலும் அது பகலில் இலையை விரித்தது, இரவில் மடித்தது. உயிருக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம். பழ ஈக்களை வைத்து அந்தக் கடிகாரத்தின் மரபணு வேலையைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம்.

பல்லடம் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கறிக்கோழிப் பண்ணையில் ராத்திரியெல்லாம் பல்பு எரிவது ஏன்? வெளிச்சம் இருந்தால் கோழி தூங்காது, தீனி எடுக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்திருக்கிற நமக்கும் அதே கணக்குதான்.

வெயில் ஏறிய வெட்டவெளியில் வெளிச்சம் 50,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். டியூப் லைட் போட்ட அறையில் 300லிருந்து 500 தான். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஒரு டெய்லருக்குச் சூரியனோடு சம்பந்தமே இல்லை. அவர் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று எப்படித் தெரியும்? அதற்கு மேல் பதினொரு மணி டீ, நாலு மணி டீ, ஷிப்மென்ட் அவசரம் என்றால் ராத்திரி ஏழு மணிக்கு பன்னோடு இன்னொரு டீ. டீ, காபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணி டீ நள்ளிரவிலும் உள்ளே விழித்திருக்கும்.

ஆகவே முதல் பாடம் காலையில்தான் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணியாவது வெளியே நில்லுங்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதோ, காய் பறிப்பதோ எதுவானாலும் சரி. பகல் இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். வாரம் முழுக்க விழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிக் கடனைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் வசூலில் முப்பது வருடம் கழித்தவன் சொல்கிறேன், இந்தக் கடன் அப்படி அடைவதில்லை. கடிகாரம் இன்னும் தள்ளிப்போய், திங்கட்கிழமை வட்டியோடு வரும்.

மோட்டார் ரூமுக்கு நடக்கும் ராத்திரிகள்

உழவர் தூக்கம் கெடுவதற்கு இன்னொரு பெரிய காரணம் மும்முனை மின்சாரம். பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று இருந்த காலத்தில், ராத்திரி ஒன்றரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனது எத்தனை பேர்! 2021 ஏப்ரல் முதல் 24 மணி நேரமும் என்று அறிவித்தார்கள். உங்கள் ஊரில் எப்போது வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். குஜராத்தில் 2020ல் உழவருக்குக் காலை 5 முதல் இரவு 9க்குள் மின்சாரம் தரவே தனித் திட்டம் தொடங்கினார்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்ட மண் இது. பகல் மின்சாரம் வேண்டும் என்று கேட்பதைச் சலுகை கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். இருட்டில் வரப்பில் நடக்கிறவனுக்குப் பாம்பும், ஈரக்கையில் ஸ்டார்ட்டரும் காத்திருக்கின்றன.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் போட்டால் கரண்ட் வந்தவுடன் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடிக் கிணறு வற்றும். டைமரும், தண்ணியில்லாமல் ஓடினால் நிறுத்தும் கருவியும் சேர்த்துப் போடுங்கள். ராத்திரி தொட்டியில் ஏற்றி, பகலில் சொட்டுநீரில் விடலாம். எல்லாவற்றையும் விட மூடாக்கு. தென்னையில் மட்டையும் சோகையும் பரப்பிய பாத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணி கட்டும் முறை தள்ளிப்போகும். மண்புழுவுக்காகப் போடுகிற மூடாக்கு உங்கள் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது.

மில், சாயப்பட்டறை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே தோட்டத்துக்கு வருகிற தம்பிகளைப் பார்க்கிறேன். ஆர்வம் நல்லது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் டூவீலர் ஓட்டுவது ஆபத்து. காலை வெயில் உங்கள் தூக்கத்தையும் விரட்டிவிடும். தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போட்டு வீட்டுக்குப் போங்கள், அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், சாயங்காலம் தோட்டத்துக்கு வாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே நைட் ஷிப்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது, 2019லும் அதையே உறுதி செய்தது. முழுநேர உழவனாக மாறக் கணக்குப் போடும்போது இந்த வரியையும் வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

படுக்கை

தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். பகலெல்லாம் வெந்த கான்கிரீட் தளத்தின் கீழே, தடித்த ஃபோம் மெத்தையில் அது இறங்காது. கயிற்றுக் கட்டிலில் காற்று கீழிருந்தும் வரும். இலவம் பஞ்சுத் தலையணை சூட்டைத் தேக்காது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் ரத்தம் தோலுக்கு வந்து உள்சூடு வெளியேறும். கொசுவுக்கு மூட்டம் போட்டு அந்தப் புகையிலேயே படுக்காதீர்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக் கட்டுங்கள். தரையில் படுப்பவர்களை ராத்திரி வந்து கடிக்கிற கட்டுவிரியனுக்கும் கட்டிலும் வலையும்தான் காவல். பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்துக்குப் பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி, படுத்தும் தூக்கம் வராதவர்களுக்கு. மருந்தில்லாத முறைகளில் நன்றாக நிரூபிக்கப்பட்டது ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் கழகம் 2016ல் நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் செய்யச் சொன்னது. தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். இருபது நிமிடம் ஆகியும் வராவிட்டால் எழுந்துவிடுங்கள், மங்கிய விளக்கில் சும்மா உட்காருங்கள், சொக்கும்போது திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் மட்டும் மாறக்கூடாது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி தூங்குகிறவர், முதலில் ஆறு மணி நேரம் மட்டும் படுத்துப் பார்க்கணும். தூக்கம் இறுகியபின் கால் மணி, கால் மணியாகக் கூட்டலாம். முதல் வாரம் பகலில் கஷ்டமாக இருக்கும். அந்த வாரம் டிராக்டர், மரம் ஏறும் வேலை வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மூலிகைக்கு வருகிறேன். அமுக்கராவுக்குச் சிறிய அளவில் பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தைராய்டு, கல்லீரல் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடக்கூடாது. 2023ல் டென்மார்க் நாடு இதைத் தடையே செய்தது. ஜாதிக்காய் ஒரு சிட்டிகை வேறு, ஒரு கரண்டி வேறு. அளவு மீறினால் படபடப்பும் புத்தித் தடுமாற்றமும் வரும். "இயற்கைதானே" என்று ஊமத்தையை யாரும் அரைத்துக் குடிப்பதில்லை.

தூக்க மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்த வேண்டாம். திடீரென விட்டால் வலிப்பு வரை போகலாம், எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசி அளவைக் குறைத்து வர வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்களுக்கு மூடாக்கும் கயிற்றுக் கட்டிலும் போதாது. அது மூச்சுத்தடை. ராத்திரி பக்கத்தில் படுப்பவர்தான் அதைப் பார்த்திருப்பார், மருத்துவரிடம் அவரையும் கூட்டிப் போங்கள்.