கணினிக்கு இணையம் கிட்டாதபோது செய்ய வேண்டியவை

நுவரெலியா, ஹட்டன் தோட்டப் பகுதிகளில் காய்கறி விலையும் மண்சரிவு எச்சரிக்கையும் இன்று இணையத்தின் வழியாகவும் கிடைக்கின்றன. ஆதலின் இணைப்பு அற்றுப்போனால், கோளாறு எங்குள்ளது என்பதை வரிசையாகத் தேடிக் காணுதல் வேண்டும்.

1. கைத்தொலைபேசியின் டேட்டாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்க்கவும். அதில் இணையம் வருமாயின் பழுது கணினியிலேயே உள்ளது.

2. கணினியின் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அது முகவரி பெறவில்லை என்பது பொருள். வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைக்கவும்.

3. கைத்தொலைபேசியிலும் வராவிடின், ரவுட்டரை நிறுத்தி ஒரு நிமிடத்தின் பின் இயக்கவும். சிம் இட்ட ரவுட்டராயின் வேறொரு சன்னலருகே வைத்துப் பார்க்கவும். மலைகள் அலைகளை மறைப்பதுண்டு.

4. அதன் பின்னரும் பயனில்லையேல் சேவை நிறுவனத்துக்கு அறிவிக்கவும்.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. இடி தொடங்குமுன் ரவுட்டரின் மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுதல் நலம். இடிக்கும்போது அவற்றைத் தொடலாகாது.

பெருமழையில் இணைப்பு மீளுமென்று காத்திருத்தல் கூடாது. வானொலியைக் கேட்கவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தை அழைக்கவும். நிலத்தில் புதிய வெடிப்போ, திடீரெனக் கலங்கிய ஊற்றோ தென்பட்டால் எச்சரிக்கையை எதிர்பாராது உடனே வெளியேறுதல் வேண்டும்.