லோடு கொடுத்து அளந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

பட்டறைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்திருப்பதாகவும், காலையில் செல்ஃப் இழுக்கவில்லை, ஹெட்லைட் மங்கல், புது பேட்டரி போட்டும் தீரவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மீட்டரை எடு.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எதையும் போடாமல் அளந்து பார். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-க்கு இறங்கிவிட்டால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்காதே. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். வந்துவிட்டால் ஆல்டர்னேட்டர் மேல் பழி இல்லை. டைனமோ வண்டியில் ஐடிலில் சார்ஜ் ஏறாது, சிவப்பு விளக்கு லேசாக மினுங்கும். அது அதன் இயல்பு.

இதுவரை நீ அறிந்ததுதான். ஆனால் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே வயது பத்தைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் வோல்ட் காணாமல் போவது பெரும்பாலும் பேட்டரியில் அல்ல, வழியில். ஒயருக்குள் எல்லா இழையும் அற்று ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், லோடு இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. பல்பைப் போட்டதும் அந்த எண் சரிந்துவிடும். ஸ்விட்சை அணைத்துவிட்டு எடுத்த ரீடிங்கை நம்பி எந்தப் பொருளையும் மாற்றாதே.

இப்படிச் செய். பெட்ரோல் வண்டி என்றால் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடு, ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகடிவின் ஈய போஸ்ட் மேலேயே அழுத்து, கிளாம்ப் மேல் வைக்காதே. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் வை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் சிவப்பு முனையைப் பேட்டரி பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்து: எஞ்சின் எர்த் பட்டை, பாடி போல்ட், கேபிள் லக், கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, திருடன் அங்கே இருக்கிறான். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். பச்சைக் களிம்பு பிடித்த ஒரு லக் போதும் அதற்கு.

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காதே. யாரோ கியர்பாக்ஸ் இறக்கியபோது எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அப்போது செல்ஃப் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். நாலு முறை அடித்த பிறகு சோக் கேபிளைத் தொட்டுப் பார். சுட்டால், சந்தேகமே வேண்டாம்.

ஹெட்லைட்டையும் எரியவிட்டபடியே பல்பின் இரண்டு முனைகளிலும் அள. 12-க்குப் பதில் 10.5 வந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்தால் 10 ஆம்பியர். தேய்ந்த ஸ்விட்சும் டிப் ஸ்விட்சும் அதைத் தாங்காமல் சூடாகும். ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழு. 100 வாட் பல்பு மாட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒயர் உருகித் தீப்பிடித்தால் வண்டியே போகும்.

ஒயர் நிறத்தையும் நம்பாதே. பழைய பிரிட்டிஷ் முறையில் பிரௌன் பேட்டரி லைன், வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த். ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கைக்குக் கிடைத்த ஒயரை ஒட்டுப் போட்டிருப்பார்கள்! டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து உறுதி செய்.

வண்டிக்காரர் ஏற்கெனவே ஒரு பேட்டரிக்குப் பணம் கொடுத்துவிட்டார். இன்னொரு பொருள் வாங்கச் சொல்வதற்கு முன் எர்த் கேபிளின் இரு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டி, மறுபடி செல்ஃப் அடித்து அளந்து பார். முன்பு வந்த எண், பின்பு வந்த எண் இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்